48 தட்டுகள் ஒரு தட்டான கதை: ஒரு லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்குத் திறந்த மடல்

லைப்ரரியைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளாக உங்கள் லைப்ரரியை, அதாவது நிரல் எழுதுபவர்கள் எடுத்தாளும் உங்கள் தயார் நிரல் தொகுப்பை, வைத்துத்தான் என் பிழைப்பு நடக்கிறது. சின்னக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கணக்கு, இருப்பு, சாமான் பட்டியல் என்று நிரல் எழுதிக் கொடுக்கிறேன். பைத்தான் மொழியில் ஒரு கிளாஸ் (ஒரு வகைப் பதிவின் அச்சு) எழுதி, அதில் என்னென்ன புலங்கள் (அளவு, நிறம் போன்ற விவரங்கள்) என்று சொல்லிவிட்டால் போதும், சரிபார்ப்பது, சேமிப்பது, போனிலிருந்து வரும் பதிவை வாங்கிக்கொள்வது எல்லாவற்றையும் உங்கள் லைப்ரரி பார்த்துக்கொள்கிறது. சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. லைப்ரரியின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், படிக்கும் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தால் போதும்.

கேட்க வந்தது ஒன்றுதான். இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் (அந்த அச்சில் உருவாகும் பதிவுகள்) சமமா என்று கேட்கும்போது, கிளாஸ் எழுதியவர் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், உங்கள் லைப்ரரி தானே ஒரு பதிலை வைத்துக்கொள்கிறது. அந்தப் பதிலை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நின்று, "எதை வைத்துச் சமம் என்பது?" என்று எங்களைத் திருப்பிக் கேட்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்று புரிய, போன வைகாசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், புள்ளிக்கு ஒன்று. புள்ளி என்றால் நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஒரு தம்பதி, ஒரு குடும்பம். கோயிலுக்குக் கொடுக்கும் வரியே புள்ளிக் கணக்கில்தான். அந்த அறைகளுக்குள் மூன்று நான்கு தலைமுறைச் சாமான்கள் அடுக்கிக் கிடக்கும். பர்மாவிலிருந்து வந்த மரவைகள், எனாமல் தட்டுகள், வெங்கலப் பானைகள், அண்டாக்கள், தூக்குவாளிகள், மங்கு ஜாடிகள், ஓலையில் முடைந்த கொட்டான்கள். சீராக வந்தவை பல. ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு வாங்கும் வழக்கமே கிடையாது. ஒரே அளவு, ஒரே நிறம், டஜன் டஜனாக இருக்கும்.

பக்கத்து ஊரில் அப்படி ஒரு வீடு. 11 புள்ளிகள். சிலர் சென்னையில், சிலர் கோவையில், இரண்டு குடும்பம் மலேசியாவில். வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்துக்கொள்வது என்று முடிவானது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவு போட வேண்டும், பிறகு படம் எடுத்துச் சேர்க்க வேண்டும், எது யாருக்குப் போகிறது என்று எழுத வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது.

வீட்டின் சாவிக்கொத்து 78 வயதான பெரியவர் ஒருவரிடம் இருக்கிறது. பங்காளிகளில் மூத்தவர். நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். எல்லோரும் வெளியூர் போன பிறகும் அந்த வீட்டைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றி வைத்துக்கொண்டிருப்பவர் அவர்தான். ஒரு நீள நோட்டில் அறைவாரியாக எல்லாச் சாமானையும் எழுதி வைத்திருக்கிறார். மொத்தம் 1,412 உருப்படிகள்.

மூன்று கல்லூரிப் பிள்ளைகள் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு அறை அறையாகப் பதிவு செய்தார்கள். வகை, உலோகம், அளவு, எந்த அறை, பேர் வெட்டியிருந்தால் என்ன பேர். இவ்வளவுதான் புலங்கள். அந்தச் சுவர்களின் தடிமன் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, உள்ளறைக்குள் போனால் சிக்னல் இருக்காது. பதிவு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் போன் மறுபடி அனுப்பும். முதல் நாள் சாயங்காலம் பார்த்தால் 48 எனாமல் தட்டுகள் 63 ஆகியிருந்தன. அப்போது உங்கள் பழைய பதிப்பு. அதில் இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் சமம் என்றால் நினைவகத்தில் இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டாக இருக்க வேண்டும். அதனால் இரண்டாம் முறை வந்த பதிவு வேறொரு தட்டாகிவிட்டது.

அன்று இரவுதான் உங்கள் புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைப் பார்த்தேன். "இனி ஒரே உள்ளடக்கம் கொண்ட ஆப்ஜெக்ட்டுகள் சமமாகக் கருதப்படும்" என்று ஒரு வரி. எனக்காகவே செய்தது போல இருந்தது. பதிப்பை மாற்றினேன், பதிவுகளை ஒரு செட்டுக்குள் (சமமானவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பு) போட்டேன், இரட்டிப்பெல்லாம் மறைந்தது. மூன்றாம் நாள் பட்டியல் முடிந்தது. 11 குடும்பங்களும் இருக்கும் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

அந்தப் பட்டியலில் 967 உருப்படிகள்.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். 48 தட்டுகளும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே அறை, பேர் வெட்டாதவை. ஐந்து புலமும் ஒன்று. 48-ம் சேர்ந்து ஒரு தட்டாகிவிட்டன. 24 தூக்குவாளி ஒன்றானது. கொட்டான்களும் அப்படியே. பேர் வெட்டிய பாத்திரங்கள் மட்டும் ஓரளவு தப்பின, அதுவும் பேர் வேறு வேறாக இருந்தவை.

குழுவில் முதலில் வந்த கேள்வி, "நோட்டில் 1,412 என்று சொன்னார்களே, மீதி எங்கே?" யாரும் அந்தப் பெரியவரைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலை நான் போனபோது அவர் முகப்புத் திண்ணையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தம்பி, நாப்பத்தெட்டுத் தட்டு நேத்துக்கூட எண்ணிப் பார்த்தேன். நீ ஒண்ணுன்னு போட்டிருக்கியே" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அந்தக் குரல் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

என் தவறும் இதில் இருக்கிறது. மொத்த எண்ணிக்கையை நோட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். அதை அவரிடமும் 11 வீடுகளிடமும் ஒப்புக்கொண்டேன், திரும்ப எண்ணினோம், கணக்கு நேரானது. நான் செய்ய வேண்டியதை நான் செய்துவிட்டேன். உங்கள் பக்கத்தில் இருப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பழைய பதிப்பில் 48 தட்டு 63 ஆனது, புதிய பதிப்பில் 1 ஆனது. இரண்டு முறையும் லைப்ரரி பிழை எதுவும் காட்டவில்லை. இரண்டு முறையும் அது தன் விதிப்படி சரியாகத்தான் நடந்தது. ஏனென்றால் "சமமா?" என்று நாம் கேட்பதற்குள் மூன்று வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன. நினைவகத்தில் இருக்கும் அதே ஆப்ஜெக்ட்டா? வெளியே உலகத்தில் இருக்கும் அதே பொருளைக் குறிக்கும் பதிவா? அல்லது பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இன்னொன்றா? எனக்கு வேண்டியிருந்தது இரண்டாவது கேள்விக்கான பதில். பழைய பதிப்பு முதல் கேள்விக்குப் பதில் சொன்னது, புதியது மூன்றாவதற்கு. மூன்றில் எது என்று என் கிளாஸைப் பார்த்து எந்த லைப்ரரியாலும் ஊகிக்க முடியாது. அது புலங்களில் எழுதியிருக்கும் விஷயமே இல்லை.

என் அப்பா பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டுபவராக இருந்தார். சின்ன உளி, சின்னச் சுத்தி, புள்ளி புள்ளியாக அடித்து எழுத்து வரும். இப்போது மெஷினில் அரை நிமிடத்தில் முடிகிறது, அப்போது ஒரு அண்டாவுக்குக் கால்மணி நேரம் ஆகும். நகரத்தார் வீட்டுப் பாத்திரம் என்றால் விலாசம் வெட்ட வேண்டும். விலாசம் என்பது தெரு, வீட்டு எண் அல்ல. முன்னோர் பேர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துக் குடும்பத்துக்கும் கடைக்கும் வைத்துக்கொள்ளும் அடையாளம். மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பேரை வைப்பது இங்கே வழக்கம். அதனால் ஒரே பேர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பேரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அப்பா அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கேட்பார்: "யார் பேரு, என்ன விலாசம், எந்த வீடு?" நேற்று வெட்டிய அதே குடும்பம் வந்தாலும் கேட்பார். சொல்லாமல் வைத்துவிட்டுப் போனால் பாத்திரம் அப்படியே இருக்கும், உளி வைக்க மாட்டார். சந்தையில் ஒரே அச்சில் வந்த நூறு அண்டாவில் எது யாருடையது என்பது அண்டாவைப் பார்த்தால் தெரியாது, உடையவர்தான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அது. உங்கள் லைப்ரரியும் அப்படிக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

இதில் மற்ற மொழிகள் என்ன செய்திருக்கின்றன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சிலவற்றை எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் இந்த மாற்றத்தைப் பற்றிய விவாதத்தில் உங்களில் ஒருவர் "ஏதாவது ஒரு டிஃபால்ட் இருந்தே ஆக வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். டிஃபால்ட் என்றால், நாம் எதுவும் சொல்லாதபோது நிரல் தானே எடுத்துக்கொள்ளும் பதில். இருந்தே ஆக வேண்டியதில்லை.

ரஸ்ட் மொழியில் நாமாக ஒரு ஸ்ட்ரக்ட் (புலங்களைச் சேர்த்து வைக்கும் வகை) எழுதினால், அதன் இரண்டு மதிப்புகளை சமமா என்று கேட்கவே முடியாது. புலம் புலமாக ஒப்பிடு என்று ஒரு வரி எழுத வேண்டும், அல்லது ஒப்பிடும் முறையை நாமே எழுத வேண்டும். எழுதாமல் ஒப்பிட்டால் நிரல் கம்பைல் ஆகாது, அதாவது இயங்கும் வடிவத்துக்கே மாறாது. ஸ்விஃப்டிலும் ஸ்ட்ரக்டோ கிளாஸோ சமம் பார்க்கத் தக்கது என்று நாம் அறிவிக்க வேண்டும், அதே ஆப்ஜெக்ட்டா என்று கேட்பதற்கு மூன்று சமக்குறி என்று தனி வழி. காமன் லிஸ்ப் காரர்கள் இந்தக் கேள்வியை என்றைக்கோ நான்காகப் பிரித்து நான்கு பேர் வைத்துவிட்டார்கள். ஜாவா தொடக்கத்திலிருந்தே வேறு வழியில் போனது: எதுவும் சொல்லாவிட்டால் அதே ஆப்ஜெக்ட்டா என்று மட்டும் பார்க்கும். அதில் எத்தனை பேர் விழுந்து எழுந்திருக்கிறார்கள்! ஜாவாவில் பெட்டிக்குள் வைத்த, அதாவது ஆப்ஜெக்ட்டாக்கிய, முழு எண்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 127 வரை சமம் என்று வரும், 128 முதல் பொதுவாகச் சமம் இல்லை என்று வரும். -128 முதல் 127 வரையான எண்களை மட்டும் மொழி முன்கூட்டியே ஒவ்வொன்றாகச் செய்து வைத்திருப்பதால் வரும் வினை. சோதனையில் சின்ன எண்ணை வைத்துப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாக இருக்கும், கடையில் போய்த்தான் உடையும்.

பைத்தான் தன் பங்குக்குச் செய்த ஒரு காரியத்தை நான் எப்போதும் மதிக்கிறேன். பைத்தான் 2-ல் ஓர் எண்ணையும் ஒரு சொல்லையும் எது பெரியது என்று கேட்டால் ஏதோ ஒரு பதில் வரும். 2008-ல் வந்த பைத்தான் 3 அதை நிறுத்தியது. எனக்குத் தெரியாது என்று பிழை காட்டியது. பழைய நிரல்கள் உடைந்தன, முணுமுணுப்பு இருந்தது, இன்றைக்கு அந்தப் பழைய வழி வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நம்பை என்ற பைத்தான் கணக்கு லைப்ரரியில் அணிகள் (எண் வரிசைகள்) இரண்டை ஒப்பிட்டால் உறுப்புக்கு உறுப்பு விடை வரும், ஆனால் அந்த விடையை ஆம் இல்லை என்று ஒற்றைப் பதிலாகச் சுருக்கப் போனால் குழப்பமான கேள்வி என்று சொல்லி நின்றுவிடும். ஆக, பைத்தான் உலகத்தில் "பதில் சொல்ல மாட்டேன்" என்பது புதிய பழக்கம் அல்ல.

இணையதளம் கட்டப் பயன்படும் பைத்தான் தொகுப்பான ஜாங்கோவின் வழி எனக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் என் தட்டுகளின் கதைக்கு அதில் நேரான விடை இருக்கிறது. அதன் மாடல் ஆப்ஜெக்ட்டுகள் இரண்டும் ஒரே வகையாக இருந்து முதன்மைச் சாவியும் (ஒவ்வொரு பதிவுக்கும் தரவுத்தளம் வைக்கும் தனி அடையாளம்) ஒன்றானால் சமம், மற்றப் புலங்கள் எப்படி இருந்தாலும். இன்னும் சேமிக்காத, சாவி இல்லாத ஆப்ஜெக்ட் என்றால் தன்னோடு மட்டும்தான் சமம். அதை செட்டுக்குள் போட முயன்றால் ஹாஷ் எண் (செட்டுக்குள் எந்த இடத்தில் வைப்பது என்று காட்டும் எண்) தர முடியாது என்று மறுத்துவிடும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள். இன்னும் பேர் வெட்டாத பாத்திரம் யாருடையது என்று அது சொல்ல முற்படவில்லை.

ஹாஷ் என்றதும் அடுத்த குறைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய குறை, தட்டுக் கதையைவிடவும். உங்கள் புதிய பதிப்பில் எல்லாப் புலங்களையும் சேர்த்து ஹாஷ் எண் கணக்கிடுகிறீர்கள். அதே சமயம் புலங்களைப் பிறகு மாற்றவும் விடுகிறீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவே கூடாது. இரண்டாம் நாள் ஒரு பிள்ளை வெங்கலப் பானைகளின் அளவைத் திருத்தினான். திருத்திய பானை அதே செட்டுக்குள் இருந்தது. செட்டைச் சுற்றி வந்தால் கண்ணில் பட்டது. ஆனால் "இந்தப் பானை இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றது. நீக்கச் சொன்னால் அப்படி ஒன்று இல்லை என்று பிழை. உள்ளே வைக்கும்போது ஒரு ஹாஷ் எண்ணின்படி ஓர் இடத்தில் வைத்தது, கேட்கும்போது புதிய எண்ணின்படி வேறோர் இடத்தில் தேடுகிறது. ஐயாவின் நோட்டில் ஒரு பானையை மூன்றாம் அறையிலிருந்து ஐந்தாம் அறைக்கு என்று மாற்றி எழுதிவிட்டு, பானையை நகர்த்தாமல் விட்டது போலத்தான்.

2018-ல் வந்த பைத்தான் 3.7-இன் டேட்டாகிளாஸைப் (புலங்களைச் சொன்னால் கிளாஸை எழுதித் தரும் வசதி) பாருங்கள். அதுவும் டிஃபால்ட்டாகப் புலம் புலமாகத்தான் ஒப்பிடுகிறது, அந்த அளவில் உங்களைப் போலத்தான். ஆனால் புலங்களை மாற்ற முடியாதபடி உறைய வைக்காத கிளாஸ் என்றால் ஹாஷ் எண்ணை எடுத்துவிடுகிறது. மாற்றக்கூடிய ஆப்ஜெக்ட்டை செட்டுக்குள் போட்டால் அங்கேயே, அந்த வரியிலேயே பிழை. நான் டேட்டாகிளாஸ் பயன்படுத்தியிருந்தால் 48 தட்டுகளைச் செட்டில் போட்ட முதல் நிமிடமே நின்றிருப்பேன், யோசித்திருப்பேன். இந்த ஒன்றையாவது வரும் பதிப்பில் திருத்திவிடுங்கள். மற்றதெல்லாம் விவாதித்துக்கொண்டே இருக்கலாம், இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

தசம எண்களை "கிட்டத்தட்டச் சமம்" என்று தானாகவே ஒப்பிடும் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல எண்ணத்தில் சேர்த்தது என்று தெரிகிறது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3-க்குச் சமமாக வருவதில்லை என்று திகைக்காத ஆள் யார்? ஆனால் 0.05 வரை வித்தியாசம் பரவாயில்லை என்று வைத்தால் 2.40 கிலோவும் 2.44 கிலோவும் சமம், 2.44-ம் 2.48-ம் சமம், 2.40-ம் 2.48-ம் சமம் இல்லை. பங்காளிக்குப் பங்காளி நமக்கும் பங்காளிதான் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. சமம் என்பதும் அந்த முறைக்குள்தான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அதை நம்பி எழுதிய செட்டும் டிக்ஷனரியும் (சாவியைச் சொன்னால் மதிப்பைத் தரும் தொகுப்பு) குலைந்துவிடும். பைத்தானே 2015-ல் கிட்டத்தட்டச் சமம் பார்க்க ஒரு ஃபங்ஷனைச் சேர்த்தபோது, அதைக் கணித மாட்யூலில் தனியாகத்தான் வைத்தது, சமக்குறிக்குள் கொண்டுபோகவில்லை. நீங்களும் தனியாக வையுங்கள்.

அப்புறம் தமிழ். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் சோதனைகளில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

அந்த வீட்டில் ஒரு பங்காளி பல வருடங்களுக்கு முன்பு பாதிச் சாமானைப் பழைய ஃபான்ட் ஒன்றில் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தார். அதை யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரம்) மாற்றி என் பட்டியலோடு சேர்த்தேன். "கொட்டான்" என்பது இரண்டு வகையாகப் பிரிந்து நின்றது. திரையில் இரண்டும் ஒன்றுதான், ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. உள்ளே பார்த்தால், ஒன்றில் ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறி ஒற்றைக் குறியீடாக இருந்தது, 0BCA என்ற எண். இன்னொன்றில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக, இரண்டு குறியீடுகளாக. பழைய ஃபான்ட்டில் கொம்பு, எழுத்து, கால் என்று மூன்று துண்டாக அடித்ததன் மிச்சம் அது. யூனிகோடு விதிப்படி இரண்டும் ஒன்றுக்கொன்று இணையானவை, ஒரே எழுத்து. ஆனால் பைத்தான் சொற்களைக் குறியீடு குறியீடாக ஒப்பிடுவதால் இரண்டும் வேறு என்கிறது. ஸ்விஃப்ட் மொழி அந்த இணையைத் தெரிந்து ஒப்பிடுகிறது, அதில் இரண்டும் சமம். கொண்டி, போணி, தூக்குவாளிக் கொக்கி என்று ஒகர ஓகாரம் வரும் எந்தச் சாமானுக்கும் இந்தக் கதிதான்.

இதற்கு நான் கேட்பது, ஒப்பிடும்போது மாற்றுவது அல்ல. சொல் புலத்துக்குள் வரும்போதே அதை ஒரே வடிவமாக்கி வைக்க ஒரு வசதி. பைத்தானிலேயே அதற்கான ஃபங்ஷன் இருக்கிறது, நீங்கள் புலத்தின் அறிவிப்பில் ஒரு சொல்லாக அதைக் கொடுத்தால் போதும். ஔகாரமும் 'ஒ' பக்கத்தில் 'ள' போட்டதும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறதே, அதையும் சேர்த்துவிடலாமே என்று உங்களில் தமிழ் தெரிந்தவர் யாராவது நினைக்கலாம். தயவுசெய்து வேண்டாம். அவை யூனிகோடில் இணையானவை அல்ல, உண்மையிலேயே வேறு எழுத்துகள். பார்வைக்கு ஒன்றாக இருப்பதால் ஒன்றாக்குவது என் 48 தட்டுக் கதைக்கே திரும்பக் கொண்டுபோகும்.

சரி, இனி என்ன செய்யலாம் என்று என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

ஒரு கிளாஸ் எழுதும்போதே சமம் என்பதற்கு என்ன பொருள் என்று சொல்ல ஓர் இடம் வையுங்கள். "இந்தப் புலம்தான் சாவி" என்றோ, "எல்லாப் புலமும்" என்றோ, "அதே ஆப்ஜெக்ட் மட்டும்" என்றோ எழுதலாம். எதையும் எழுதாத கிளாஸின் ஆப்ஜெக்ட்டுகளை ஒப்பிட்டால் பிழை வரட்டும், அந்தப் பிழைச் செய்தியிலேயே இந்த மூன்று வழியும் இருக்கட்டும். புதிதாகக் கற்பவரை இது பயமுறுத்தும் என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அவர்களைப் பயமுறுத்துவது பிழைச் செய்தி அல்ல. எந்தச் சத்தமும் இல்லாமல் தப்பான எண்ணிக்கை வருவதுதான் அவர்களை உடைக்கிறது. எங்கே தவறு என்று தேட அவர்களுக்கு ஒரு நூல்கூடக் கிடைப்பதில்லை.

பிழை காட்டுவது முடியவே முடியாது, சோதனைக் கருவிகளெல்லாம் உடையும் என்று நீங்கள் முடிவெடுத்தால், அப்போது பழைய வழிக்கே திரும்புங்கள்: அதே ஆப்ஜெக்ட் என்றால் மட்டும் சமம். எனக்கு 63 தட்டு வந்த வழிதான், தெரிந்தேதான் சொல்கிறேன். 63-ஐ உட்கார்ந்து 48 ஆக்கிவிடலாம், 63 பதிவும் கையில் இருக்கின்றன. ஒன்றாகிப்போன 48-ஐ எந்த நிரலாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. நாங்கள் மறுபடி அறைகளைத் திறந்து, தட்டுகளைத் தரையில் பரப்பித்தான் எண்ணினோம்.

மாற்றத்தை எப்படிச் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். சமம் என்பதன் பொருளை மாற்றுவது பட்டனின் நிறத்தை மாற்றுவது போல இல்லை. நிரல் ஓடும், சோதனையும் பெரும்பாலும் தேறும், விடை மட்டும் மாறும். அதனால் ஒரு பதிப்பு முழுக்க எச்சரிக்கை மட்டும் காட்டுங்கள், எந்தக் கோப்பில் எந்த வரியில் சொல்லாத ஒப்பீடு நடக்கிறது என்று. அடுத்த பெரிய பதிப்பில் பிழையாக்குங்கள். வெளியீட்டுக் குறிப்பில் 40 வரிகளுக்கு நடுவில் ஒரு வரியாக வைக்காமல் முதல் வரியாக வையுங்கள்.

என்னால் முடிந்ததைச் செய்ய நான் தயார். மூன்று சோதனைக் கோப்புகள் எழுதி வைத்திருக்கிறேன்: ஒரே மாதிரி 48 தட்டு, இருமுறை வந்த பதிவு, செட்டுக்குள் போன பிறகு அளவு மாறிய பானை. கொட்டானின் இரண்டு வடிவமும் நான்காவதாகச் சேர்கிறது. ஆவணத்தின் அந்தப் பகுதியைத் தமிழில் எழுதித் தரவும் சம்மதம். பிள்ளைகள் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

இப்போது என் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் போனிலேயே ஒரு தனி எண் விழுகிறது, அந்த எண்ணை மட்டும் சாவி என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். 1,412-ம் வந்துவிட்டது. ஆனால் இரண்டாங்கட்டில் நோட்டில் ஏறாத ஓர் அறை பாக்கி இருக்கிறது. அதன் சாவி மலேசியாவில் இருக்கும் ஒரு புள்ளியிடம். தை பிறந்ததும் வருகிறார்களாம், எல்லோர் முன்னாலும் திறப்பதாகப் பேச்சு. உங்கள் அடுத்த பதிப்பும் அதே சமயத்தில் என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா நேற்றுப் போனில் கேட்டார், "இந்தத் தடவை சரியா எண்ணுமா தம்பி?" என்று. அந்த அறையை எந்தப் பதிப்பை வைத்து எண்ணுவது என்று நீங்கள் எனக்குச் சொன்னால், அவருக்கு நான் பதில் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து உங்கள் பயனர் ஒருவன்